இசைத்தட்டும் எடைக்கற்களும்

மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்குக் காளிகாட்டுத் தெருக்களில் நடந்தவர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவார்கள். நம் வீட்டுப் பெரியவர் தர்ப்பணத்துக்கென எள்ளும் தருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அதே வேளையில் எதிர்வீட்டிலும், அடுத்த வீட்டிலும், தெருக்கோடித் தேநீர்க் கடையிலும் வானொலி முழங்கத் தொடங்கும். பீரேந்திர கிருஷ்ண பத்ரா தேவியின் பெருமையை ஓதும் அந்தக் குரலை, வங்க மொழியில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்களும் இனங்கண்டு கொள்வார்கள். 'மகிஷாசுரமர்தினி' என்னும் அந்நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்தில் கல்கத்தா வானொலியில் பிறந்தது. எழுதியவர் வாணி குமார். இசையமைத்தவர் பங்கஜ் மல்லிக்.

1976ஆம் ஆண்டு அந்த விடியலில் வேறொரு குரல் கேட்டது. வானொலி நிலையத்தார் பழையதை எடுத்துவிட்டுப் புதியதொன்றை ஒலிபரப்பினார்கள். புதியதை ஆக்கியவர்களும் எளியவர்கள் அல்லர். இசை ஹேமந்த முகர்ஜியுடையது. குரல், வங்காளம் முழுவதும் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நடிகர் உத்தம் குமாருடையது. ஆயினும் ஊர் கொதித்தெழுந்தது. எத்தனை பெரிய பெயராயினும் இவ்விடியலில் எமக்கு வேண்டா என்று மக்கள் ஒரே குரலில் கூறிவிட்டார்கள். பழைய நிகழ்ச்சி திரும்ப வந்தது. இன்றளவும் இருந்து வருகிறது.

புதிதாக வெளிவரும் ஒரு பாடலைக் கொள்வதற்கும் தள்ளுவதற்கும் உரியவர் யார்? பதிவு செய்பவரா, பத்திரிகையில் எழுதுபவரா, பாடலாசிரியரின் வாரிசா, தெருவில் நின்று கேட்கும் பொதுமக்களா? இந்த வினா இக்கல்கத்தா நகரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. இந்நகரின் வரலாற்றுள் இதுவும் ஒரு வரலாறு. இதனை அறிந்துகொள்ளும் கடமை நமக்கு இவ்வாண்டு சற்று மிகுதியாகவே ஏற்பட்டுள்ளது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெடரிக் கெயிஸ்பர்க் இந்நகரில் வந்து இறங்கினார். நவம்பரில் ஓர் ஓட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டு பணியைத் தொடங்கினார். முதலில் பாடியவர்கள் கிளாசிக் தியேட்டர் நாடகக் குழுவைச் சேர்ந்த சசிமுகி, பணிபாலா என்னும் இரு சிறுமிகள். அவர்கள் குரல் பரிதாபமாக இருந்தது என்னும் கருத்துப்படக் கெயிஸ்பர்க் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இந்நாட்டு இசைத்தட்டைப் பற்றிய முதல் மதிப்புரைகளுள் இஃது ஒன்று. எழுதியவரோ அத்தட்டைப் பதிவு செய்தவரே! நம் இசையின் இலக்கணம் அறியாத ஒருவர், கடை திறந்த நாளிலேயே தம் சரக்கைக் குறைகூறிக்கொண்டு விற்கப் புறப்பட்டது வேடிக்கைதான்.

சில நாள்களுக்குப் பின் கௌஹர் ஜான் வந்தார். மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தின் உருவத்தை நிறுத்திக் காட்டும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். அது தற்பெருமையன்று. மெழுகுப் பதிவுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கேதான் தட்டுகளாக அச்சாயின. எந்தத் தட்டு யாருடையது என்று அங்குள்ள தொழிலாளர் அறிந்து சீட்டு ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பு உதவியது. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகள் செய்யப்பட்டன. 1908இல் சியால்டாவில் தொழிற்சாலை எழுந்தது. 1920களின் இறுதியில் அது டம்டமுக்குப் பெயர்ந்தது. நம் பாட்டனார்கள் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் கிராமபோன் பெட்டியில் வைத்துச் சுழலவிட்ட எச்.எம்.வி. 'பிளேட்டு'கள் அந்த டம்டமில் அச்சானவையே. நாம் பிழைப்புத் தேடி ரயிலேறி இங்கு வருவதற்கு முன்பே, இங்கிருந்து ரயிலேறிய தட்டுகளில் தமிழ்ப் பாட்டு நம்மூர் போய்ச் சேர்ந்திருந்தது.

நிற்க. முதலில் எழுந்த மதிப்புரை பாட்டைப் பற்றியதன்று. பாடியவரின் பிறப்பைப் பற்றியது. தட்டில் பாடுகிறவர் நாடகக்காரி, தாசி என்று ஒதுக்கிய கனவான்கள், அதே தட்டை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். மதிப்புள்ள குடும்பத்தார் பாட முன்வந்தபோது, தொழிலுக்காகப் பாடுவோரோடு தம்மைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்று, தட்டின் சீட்டில் பெயருக்குப் பின் 'அமெச்சூர்' என்று அச்சிடச் செய்தார்கள். தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் உடன்பிறந்தாளாகிய அமலா தாஸ் 'மிஸ் தாஸ், அமெச்சூர்' என்றே அறிமுகமானார். தேசபந்துவின் நினைவு மண்டபம் நம் காளிகாட்டை அடுத்த கியோராதலாவில் இருக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் அச்சிறு சொல் நம் நினைவுக்கு வருவதுண்டு. ஒரு பெண் மூன்று நிமிடம் பாடுவதற்கு எத்தகைய முன்ஜாமீன் வேண்டியிருந்தது, பாருங்கள்! இவ்விஷயத்தில் தமிழ்நாடு வங்காளத்தைவிடப் பெருந்தன்மையுடையதாக இருந்தது என்று கூற நம்மால் இயலாது.

இந்த நிலையை மாற்றியது பூஜைப் பாட்டு. துர்கா பூஜைக்குப் புத்தாடை வாங்குவதுபோல் புதிய இசைத்தட்டு வாங்கும் வழக்கம் வங்காளத்தில் வேரூன்றிற்று. கம்பெனியார் ஒவ்வோராண்டும் 'சாரத அர்க்கியம்' என்னும் சிறு புத்தகத்தை, பாடகர் படங்களோடும் பாடல் வரிகளோடும் வெளியிட்டனர். தீபாவளி மலருக்கு நாம் காத்திருந்ததுபோல் அவர்கள் அதற்குக் காத்திருந்தனர். பிறகு பந்தல் ஒலிபெருக்கி தன் தீர்ப்பைத் தொடங்கும். ஷஷ்டியன்று எல்லாத் தட்டுகளும் ஒருமுறை சுழலும். அஷ்டமிக்குள் நான்கைந்து மட்டுமே எஞ்சும். தசமியன்று எந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறதோ அதுவே அவ்வாண்டின் பாட்டு. அதற்குப் பிறகு பத்திரிகையில் யார் என்ன எழுதினாலும் பயனில்லை. வானொலியில் 'அனுரோதேர் ஆசர்' என்னும் நேயர் விருப்ப நிகழ்ச்சி அத்தீர்ப்பை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

1949ஆம் ஆண்டுப் பூஜைக்குச் சலீல் சௌதுரி இயற்றி இசையமைத்து ஹேமந்த முகர்ஜி பாடிய 'காயேர் போது' வெளிவந்தது. 'கிராமத்து மருமகள்' என்பது அதன் பொருள். பூஜைப் பாட்டென்றால் நிலவும் காதலும் என்றிருந்த நாளில், 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சிதைந்த ஒரு குடியானவக் குடும்பத்தின் கதையைத் தட்டின் இரு பக்கங்களிலும் நிரப்பி வைத்தார்கள். பல்லவி சரணம் என்ற ஒழுங்கும் அதில் இல்லை. ஏறத்தாழ ஆறு நிமிடம் கதை போகும் போக்கில் இசை போகிறது. திருவிழா நாளில் சாவுக்கதை எவருக்கு வேண்டும் என்று ஒரு வியாபாரி எண்ணியிருந்தால் அதில் தவறு காண முடியாது. ஆனால் பஞ்சம் கழிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. இதே தெருக்களில் கஞ்சித் தண்ணீருக்காகக் கையேந்தி விழுந்து மாண்டவர்களை ஊர் மறக்கவில்லை. அது அப்பாட்டைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சலீல் சௌதுரி பின்னாளில் 1979இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசையமைத்தார் என்பதையும், அவரிடம் கித்தார் வாசித்தவர்களுள் இளையராஜாவும் ஒருவர் என்பதையும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

ராஸ்பிகாரி அவென்யூவில், நம்மவர் குடியிருப்புகளுக்கு அண்மையிலேயே, தேவவிரத விஸ்வாஸ் என்றொரு பாடகர் பல்லாண்டு வாழ்ந்தார். ஊரார் அவரை 'ஜார்ஜ் தா' என்று அழைத்தனர். 1911இல் கிழக்கு வங்கத்தில் பிறந்து, கல்விக்காகவும் பின்பு பிழைப்புக்காகவும் கல்கத்தா வந்தவர். அவ்வகையில் நம்மைப் போல் வந்து குடியேறியவர். பகலில் இன்ஷூரன்ஸ் அலுவலக ஊழியம். மற்ற நேரமெல்லாம் பாட்டு. லுங்கி, வெற்றிலை, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றோடு அவரைக் கண்டவர்கள் உண்டு. கம்பீரமான அக்குரலில் ரவீந்திர சங்கீதம் கேட்டவர்களுக்கு வேறு குரல் சிறிது காலம் சுவைப்பதில்லை. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' படத்தில் 1960இலும், 'கோமல் காந்தார்' படத்தில் 1961இலும் அக்குரல் ஒலிக்கிறது.

ரவீந்திரநாதர் 1941இல் மறைந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய பாடல்களின் பதிப்புரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அவற்றுள் எதை இசைத்தட்டாக வெளியிட வேண்டுமாயினும் விசுவபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் தேவை. இதைக் கொடுமை என்று உடனே கூறிவிட வேண்டா. தம் பாட்டின் மெட்டை மனம்போனபடி மாற்றலாகாது என்பது கவியின் சொந்த விருப்பம். மெட்டில் பாடகருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதைப் பற்றித் திலீப் குமார் ராயோடு அவர் நெடுக விவாதித்திருக்கிறார். 'ஸ்வரவிதான்' என்னும் தொகுதிகளில் அம்மெட்டுகள் சுரக்குறிப்போடு காக்கப்பட்டன. கீர்த்தனைப் பாடாந்தரத்தில் ஒரு சங்கதி மாறினால் முகஞ்சுளிக்கும் நம்மவர்க்கு இந்தக் கவலை அயலானதன்று.

ஆனால் 1964ஆம் ஆண்டு முதல் அக்குழு தேவவிரதரின் பதிவுகள் சிலவற்றுக்கு ஒப்புதல் தர மறுக்கத் தொடங்கியது. பக்கவாத்தியம் மிகுதி, மேனாட்டுக் கருவிகள் கூடா, பாடும் முறையில் உணர்ச்சி அளவு மீறுகிறது என்னும் போக்கில் ஆட்சேபங்கள் வந்தன. அவர் விளக்கம் எழுதினார்; அவர்கள் பதில் எழுதினார்கள். கடிதங்கள் வளர்ந்தன, தட்டுகள் குறைந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில், இனி ரவீந்திர சங்கீதத்தைத் தட்டுக்காகப் பாடுவதில்லை என்று அவர் நிறுத்திக்கொண்டார். அந்நாளில் அவருடைய தட்டுகளை வங்காளிகள் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தெரு ஏற்றுக்கொண்ட குரலை மேசை ஏற்க மறுத்தது. எழுபதுகளின் இறுதியில் அவர் தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். 'விலக்கப்பட்டவனின் அடைக்கப்பட்ட சங்கீதம்' என்பது அந்நூற்பெயரின் பொருள். 1980 ஆகஸ்டில் மறைந்தார். 2009இல் பிராத்ய பாசு அவர் வாழ்க்கையை நாடகமாக்கி மேடையேற்றினார்.

அந்தப் பத்தாண்டுக் காலம் நாம் எங்கிருந்தோம்? இதே தெருவில்தான் இருந்தோம். நம்மவர் வீடுகளில் அன்று என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுவோம். வங்காளிகளின் பாட்டு அழுகைப் பாட்டு, கமகம் இல்லாத பாட்டு என்று ஒரே வரியில் மதிப்புரை வழங்கிவிட்டு, பூஜை நாள்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். லேக் மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை வாங்கத் தெரிந்த அளவு அக்கம்பக்கத்துச் சங்கீதத்தைக் கேட்க நமக்குத் தெரியவில்லை. அவர் மறைந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த பிறகுதான், இத்தகைய ஒருவர் நம் தெருவில் இருந்தாரா என்று நம்முள் பலர் வியந்தார்கள்.

தமிழ்நாட்டில் இதே கேள்வி வேறு வழியில் சென்றது. முப்பதுகளில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிவந்த கல்கி, எந்த வித்துவானுக்கும் அஞ்சாமல் பாராட்டினார், கிண்டல் செய்தார். ஆனால் கல்கியின் கையில் இருந்தது பேனா மட்டுமே, முத்திரை அன்று. அவர் தாக்கி எழுதினால் ஒரு பாடகருக்குத் தூக்கம் கெடலாம், கச்சேரி நிற்காது. பிறகு அவரே 1945இல் வெளிவந்த 'மீரா' படத்துக்குப் பாட்டெழுதித் தாமும் பிறருடைய மதிப்புரைக்கு ஆளானார். எடைபோட்டவர் தராசில் ஏறி நின்றது நியாயமான காட்சிதான்.

பாரதியாரின் பாடல்களோ ரவீந்திரர் பாடல்களின் நிலைமைக்கு மிக அருகே சென்று திரும்பின. 1921இல் பாரதியார் மறைந்தபின் அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் பேசும்படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியே விலைபோயிற்று. கைமாறி இறுதியில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947இல் 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. 1948இல் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமை வழக்கு எழுந்தது. பாரதியின் பாட்டு எவருடைய சொத்து என்ற கிளர்ச்சி பரவிற்று. 1949இல் சென்னை அரசாங்கம் உரிமைகளைப் பெற்றது. செட்டியார் தம் உரிமையை விலையின்றி ஒப்படைத்தார். பின்னர் அரசாங்கம் பாடல்களைப் பொதுமக்களுக்கே உரியவை ஆக்கியது. ஒரு கவியின் எழுத்து இவ்வாறு நாட்டுடைமையானது அரிய நிகழ்ச்சி.

விளைவு யாது? பாரதியின் பாட்டை எவரும் எந்த மெட்டிலும் பாடலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. அதனால் பொன்னான மெட்டுகள் பிறந்தன. காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய மெட்டுகளும் பிறந்தன. இதற்கு நாம் ஒரு விலையும் கொடுத்தோம். பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்குத் தாமே ராகமும் தாளமும் குறித்தவர். சிலவற்றுக்குச் சுரமும் எழுதியவர். அந்த மெட்டுகளில் இன்று அவற்றைப் பாடுவோர் மிகச் சிலரே. அவர் பாடிய விதத்தை வங்காளிகள் 'ஸ்வரவிதான்' காத்ததுபோல் காக்க நம்மிடம் ஒரு குழு இருந்ததில்லை. இதை எண்ணும்போது விசுவபாரதியாரை முழுவதும் பழிக்க நமக்கு நா எழவில்லை. காத்தவர்கள் அவர்கள். காப்பதற்கு அமர்ந்தவர்கள் கதவை அடைக்கவும் தொடங்கியதுதான் குற்றம். மெட்டைக் குறித்து வைப்பது ஒரு பணி; இன்னார் பாடலாகாது என்பது வேறு பணி. இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததால் ஒரு பெருங்குரலின் பத்தாண்டு வீணாயிற்று. நமக்கு ஒரு பாரதி மெட்டு தொலைந்ததும் இழப்பு. அவர்களுக்குத் தேவவிரதர் தட்டு வராமற்போனதும் இழப்பு. எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நம்மைக் கேட்டால், முதலாவதையே என்போம். தொலைந்த மெட்டு ஏட்டிலிருந்து எழலாம். பாடாத பாட்டை எங்கே போய்த் தேடுவது?

2005ஆம் ஆண்டு இளையராஜா திருவாசகத்தைப் புடாபெஸ்ட் நகரத்துச் சிம்பனி வாத்தியக் குழுவோடு இசையமைத்து வெளியிட்டார். மணிவாசகரின் கண்ணீருக்கு மேனாட்டு வாத்தியம் பொருந்தாது என்றார் சிலர். திருவாசகத்தை முதல்முறையாகத் தாம் கேட்டது இதனால்தான் என்றார் வேறு சிலர். தேவவிரதர்மேல் சாட்டப்பட்ட குறையும் மேனாட்டுக் கருவிதானே! ஆனால் இங்கே இரு தரப்பாரும் எழுதினார்கள், பேசினார்கள்; தட்டு மட்டும் கடையில் தன் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது.

தெருவின் தீர்ப்பும் எப்போதும் சரியாக இருந்ததென்று நாம் வாதிக்கவில்லை. 1977 முதல் 1979 வரை 'மொகீனேர் கோடாகுலி' என்னும் இளைஞர் குழு, கௌதம் சட்டோபாத்யாயரைத் தலைவராகக் கொண்டு, இந்நகரத்து வாழ்க்கையைப் பாடி மூன்று சிறு தட்டுகளை வெளியிட்டது. வாங்குவார் இல்லை. குழு கலைந்தது. 1995இல் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியையொட்டி அவர்களுடைய பாடல்களும் புதியவர்கள் பாடல்களும் சேர்ந்து ஒரு தொகுப்பு வெளிவந்தபோது, முன்பு பிறந்தே இராத பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். கௌதமர் 1999இல் மறைந்தார். நான்காண்டுப் புகழையே அவர் கண்ணாரக் கண்டார்.

ரவீந்திரர் பாடல்களின் பதிப்புரிமை 2001ஆம் ஆண்டின் இறுதியில் முடிந்தது. சட்டப்படி 1991லேயே முடிந்திருக்க வேண்டியது, பத்தாண்டுகள் நீட்டித்தார்கள். அதன்பின் எவரும் ஒப்புதல் கேட்க வேண்டுவதில்லை. மின்சாரக் கித்தாரோடு பாடினார்கள், முரசோடு பாடினார்கள். கேட்க முடியாதவையும் வந்தன. தேவவிரதர் தனியே பாடிப் பதிவாகிக் கிடந்த பாட்டுகளும் வெளிவந்தன. ரவீந்திரர் மூழ்கிவிடவில்லை.

இவ்வளவும் எழுத நேர்ந்த காரணத்தை இப்போது கூறலாம். நம் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த மூன்று பிள்ளைகள், தமிழைவிட வங்க மொழியே நாவில் எளிதாக வரும் பிள்ளைகள், பாரதியாரின் பாட்டொன்றுக்குப் பவுல் மெட்டின் சாயலில் இசையமைத்து, கித்தாரும் தோத்தாராவும் சேர்த்துப் பதிவு செய்து சென்ற ஆண்டு வெளியிட்டார்கள். ஆண்டு விழாவில் அதைப் பாட இடங்கேட்டபோது நம் குழுவிலேயே இரு கருத்துகள் எழுந்தன. 'ழ'கரம் சரியில்லை, பாரதி இப்படியா பாடச் சொன்னார் என்று மூத்தவர் சிலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை, ழகரம் சரியில்லைதான். சென்ற ஆண்டு இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அப்படிச் சொன்னவர்களுள் இதனை எழுதும் நாமும் இருந்தோம். பிள்ளைகள் மறுபேச்சின்றிச் சென்று அதே தெருவில் பூஜைப் பந்தல் மேடையில் அதைப் பாடினார்கள். வங்காளிகள் பொருள் புரியாமலே இரண்டாம் முறை பாடச் சொல்லிக் கேட்டார்கள். நாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே கேட்டோம்.

இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயர் இருக்கிறது. இரவு ஏழரை மணிக்கு, சிறுவர் நாடகத்துக்கு அடுத்ததாகப் பாடுவார்கள். ழகரத்தைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பை, சென்ற ஆண்டு மிகுதியாக ஆட்சேபித்த மூத்தவர் ஒருவரே ஏற்றுக்கொண்டு, ஞாயிறுதோறும் மாலையில் அப்பிள்ளைகளை அழைத்து வைத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறார்.